அறுபத்துநான்கு தாள்களில் எங்கள் முத்திரை

குதிகாலில் ஆணி இறங்கியதுபோல் குத்தும் வலியோடு முப்பத்தோராண்டுகள் நின்றே பாடம் நடத்தியவரே! நாற்காலி நகர்த்திப் போட்டால் அதில் நோட்டுக்கட்டை வைத்துவிட்டு நின்றவரே! நாவில் நயம் குறைந்தாலும் நடையில் நியாயம் குறையாத நல்லாசிரியரே! கூட்டம் என்றால் கொட்டாவியும், குறிப்பாணை என்றால் கோபமும், கொடுத்த வாக்கைக் காக்க முடியாதபோது குமுறலும் கொண்டவரே! எங்கள் அன்புக்கும் அலுப்புக்கும் ஒருசேர ஆளான அரசியல் அறிவியல் துறைத் தலைவரே, பேராசிரியர் ஆனந்தமேரி அம்மையீர்! வணக்கம்.

பணி நிறைவு விழாவில் துறை ஆசிரியர்கள் வாசிக்கும் மடல் என்றால் தொடக்கம் முதல் கடைசி வரை 'தாங்கள், தாங்கள்' என்று விளித்தே எழுதவேண்டும் என்று சொன்னார்கள். அப்படித்தான் எழுதினோம். எழுதியதை உங்களிடமே காட்டினோம் பாருங்கள், அங்கேதான் கெட்டது. 'தன்னலம் அறியாத தாங்கள்' என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில், 'யார் சொன்னது? இன்கிரிமெண்டுக்காக இரண்டு தடவை சண்டை போட்டிருக்கிறேன்' என்று எழுதித் தந்தீர்கள். 'தவறே செய்யாத தாங்கள்' என்பதை ஒரே கோட்டில் அடித்துவிட்டீர்கள். 'தாங்கள்' என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் நீங்கள் முழுசாக முடிக்க விடப்போவதில்லை. ஆகவே உங்களிடம் சொல்வதை நிறுத்திக்கொண்டு, உங்களைப் பற்றி இந்த அரங்கில் இருப்பவர்களிடம் சொல்கிறோம். இடையில் எழுந்து மறுக்க முடியாது. செத்த நேரம் உட்காருங்கள், அம்மா.

அவையோரே! ஆனந்தமேரி அம்மையார் பணியில் சேர்ந்தது தொண்ணூற்று நான்காம் ஆண்டு. சித்தையன்கோட்டைப் பக்கம் நெல்லும் வாழையும் போட்டுப் பிழைத்த குடும்பம். கோடை விடுமுறையில் பேராசிரியர்கள் கொடைக்கானல் போனபோது அவர் வயலுக்குப் போனார். திரும்பி வரும்போது உள்ளங்கையில் காப்புக் காய்ச்சியிருக்கும். சாக்கட்டி பிடிக்கும் கையை விட அந்தக் கை கொஞ்சம் உண்மை பேசும் என்று அவர் நம்பினார். மாணவர்களையும் நம்ப வைத்தார்.

காலனியாதிக்கத்திலிருந்து விடுபட்ட சமூகங்களில் அரசும் அரசியலும் எப்படி இருக்கின்றன என்பது அவர் நடத்திய பாடம். பல்கலைக்கழகத்தார் பாடத்திட்டத்தை நான்கு முறை மாற்றினார்கள். நான்கு முறையும் இந்தப் பாடத்தின் கழுத்தில்தான் கை வைத்தார்கள். மூன்றாம் பருவத்தில் இருந்ததை ஐந்தாம் பருவத்துக்குத் தள்ளினார்கள். ஐந்திலிருந்து விருப்பப் பாடம் ஆக்கினார்கள். 'வேலை வாய்ப்புக்கு உதவாது' என்று ஒரு குழு எழுதியது. 'தினமும் ஏதாவது ஒரு அலுவலக வாசலில் நிற்கிற பிள்ளைகளுக்கு இது உதவாது என்றால் வேறு எதுதான் உதவும்?' என்று அம்மையார் பதில் எழுதினார். அந்தப் பதிலுக்குப் பதில் இன்றுவரை வரவில்லை.

அவருடைய வகுப்பில் முதல் நாள் யாரும் வரையறை எழுதக்கூடாது.

"அரசு என்றால் என்னன்னு எழுதாதீங்க. போய் உங்க வீட்டுக்கு ஒரு காயிதம் வாங்கிட்டு வாங்க. வருமானச் சான்றோ, சாதிச் சான்றோ, எதுவோ. புரோக்கர் கூடாது, தெரிஞ்சவங்களுக்குப் போன் போடக் கூடாது. எத்தன தடவ போனீங்க, யாரு உக்காந்து பேசுனா, யாரு நின்னு பேசுனா, எல்லாத்தையும் எழுதுங்க. அம்புட்டுத்தான் அசைன்மெண்ட்."

ஒரு முறை நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்த ஒரு பையன் ஒரே நாளில் சான்றை வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தான். எப்படி என்று கேட்டார்.

"அப்பா கூட வந்தாருங்க மேடம். அவரு கட்சில இருக்காருங்க."

"அப்பச் சரி. பாதி மார்க்கு. நீ போயி அரசப் பாக்கல, உங்கப்பாவத்தான் பாத்திருக்க."

விடுதலை பெற்ற நாடுகளில் அரசு மிகவும் பலம் கொண்டது என்று ஒரு சாரார் எழுதினார்கள்; மிகவும் நோஞ்சான் என்று இன்னொரு சாரார் எழுதினார்கள். நாங்கள் மாணவர்களாக இருந்த காலத்தில் இரண்டையும் மனப்பாடம் செய்து பத்துப் பத்து மதிப்பெண் வாங்கினோம். அம்மையார் இரண்டு பத்திகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டு நடுவில் ஒரு மேசை வரைவார். "எதிர்ல நிக்கிறது யாருன்னு பாத்துட்டு அது பலத்தக் கூட்டிக்கும், கொறச்சுக்கும். ஆலைக்காரர் வந்தா அதுக்கு எலும்பே இருக்காது. கூலிக்காரி வந்தா உடம்பு பூரா எலும்பு. இத கென்யாவுல பாத்தாலும் இப்பிடித்தான், இலங்கையில பாத்தாலும் இப்பிடித்தான். வெள்ளக்காரன் எந்திரிச்சுப் போயிட்டான், மேச போகல." இதை விடத் தெளிவாக அந்தப் பாடத்தை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. புகழ்ச்சிக்காகச் சொல்லவில்லை. அம்மையார் எங்களுக்கு எதைச் சொல்லித் தந்தாரோ, அதற்கு நேர் எதிராக நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். அதைச் சொல்லாமல் இந்த மடலை முடித்தால் அது மடல் இல்லை, மழுப்பல்.

வடமதுரைக்கு அப்பால், திருச்சிச் சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே, கொழிஞ்சிக்கரடு என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. இருபத்திரண்டு வீடுகள். சாலைக்கும் தண்டவாளத்துக்கும் கல் உடைக்க வெள்ளைக்காரர் காலத்தில் கூட்டி வரப்பட்டவர்கள், வேலை முடிந்ததும் போவென்று சொல்ல ஆள் இல்லாததால் அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த இடம் அரசுப் புறம்போக்கு. குடியிருப்பதற்காக ஆண்டுதோறும் அவர்களுக்கு அபராதம். தண்டத்தீர்வை என்று அதற்குப் பெயர். 'ஆக்கிரமிப்பாளர்' என்று போட்டு, பெயர் எழுதி, கட்டியதற்கு ஒரு ரசீதும் தருவார்கள். தாத்தா கட்டினார், மகன் கட்டினார், மருமகள் கட்டினாள். இதில் இருக்கும் கூத்தைக் கேளுங்கள்: அவர்கள் அங்கே தலைமுறையாக வாழ்கிறார்கள் என்பதற்கு அந்த அபராத ரசீதுகளைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. நீ இங்கே இருக்கக்கூடாது என்று அரசு எழுதித் தந்த தாள்தான், நீ இங்கே இருந்தாய் என்பதற்குச் சாட்சி.

மொத்தம் அறுபத்துநான்கு தாள்கள். ஊருக்குப் பொதுவாக அவற்றை ஒரு தகரப் பெட்டியில் வைத்துக் காத்தவர் ஒச்சாயி. ஐம்பது வயதை ஒட்டியவர், நூற்பாலை வேனில் போய்வந்து கூலி வாங்குகிறவர். ஆய்வுக்காகப் போன ஆனந்தமேரி அம்மையார் அந்தப் பெட்டியைத் திறந்த பிற்பகலை எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அடியில் முப்பத்தேழாம் ஆண்டு ரசீது. மேலே கிரீடம் அச்சிட்டிருந்தது. கொஞ்சம் மேலே நாற்பத்தொன்பதாம் ஆண்டு ரசீது. அதிலும் அதே படிவம், அதே கிரீடம். கிரீடத்தின் குறுக்கே மட்டும் யாரோ ஓர் எழுத்தர் மையால் ஒரு கோடு இழுத்திருந்தார். 'சுதந்திரம்னா கொழிஞ்சிக்கரட்டுக்கு அந்தக் கோடுதான்' என்று அம்மையார் சொல்வார். அதை நேரில் பார்த்ததும் அவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. ஆய்வாளருக்கு வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கும் பெட்டி அது. பேராசை வந்தது. அவரே சொன்ன சொல் இது, நாங்கள் கூட்டவில்லை.

"ஒச்சாயி, ஒரே வாரம். படம் புடிச்சிட்டு நானே கொண்டாந்து தாரேன்."

"டீச்சரம்மா, இதுல ஒரு தாளு காணாமப் போனா எங்க ஊரே காணாமப் போயிரும். வெளையாட்டு இல்ல."

"தெரியும்."

"அப்ப வாங்கிக்கிட்டேன்னு ஒரு ரசீது எழுதித் தாங்க."

அம்மையார் சிரித்தார். "என்னையே நம்பலயா?"

"நம்புறேன். அதான் ரசீது கேக்குறேன். நம்பாத ஆளுன்னா பெட்டியவே காட்டியிருக்க மாட்டேன்ல."

அம்மையார் ரசீது எழுதித் தரவில்லை. மறுக்கவுமில்லை. சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறிவிட்டார். இத்தனை ஆண்டுகளாகக் காகிதத்தைப் பற்றியே பாடம் நடத்தியவர் ஒரு காகிதம் எழுத மறந்தார்.

அந்த வாரம்தான் தரமதிப்பீட்டுக் குழு வரப்போவதாகக் கல்லூரிக்குத் தகவல் வந்தது. வந்தால் என்ன நடக்கும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவருக்கு வெள்ளை, மரத்துக்குக் காவி, ஆசிரியர்களுக்கு வயிற்றுப்போக்கு. துறைக்கு ஓர் ஆவணக் காப்பகம் இருந்தால் கூடுதல் மதிப்பெண் என்று சுற்றறிக்கை சொன்னது. எங்களிடம் என்ன இருந்தது? உடைந்த அலமாரியும் ஒரு தகரப் பெட்டியும். உதவிப் பேராசிரியர் ராபின் கடைக்குப் போய் உருண்டை முத்திரை ஒன்று செய்துகொண்டு வந்தார். நடுவில் 'கல்லூரிச் சொத்து', சுற்றிலும் துறையின் பெயர். ஊதா மை. இரண்டு பிற்பகல்கள் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து, தாளுக்கு ஒன்றாக அறுபத்துநான்கு முறை குத்தினோம். அலுவலக உதவியாளர் கருப்பணன் மை ஊற்றினார். எங்கள் துறையின் அறிவுச்செல்வி எண் போட்டார். ராபின் ஒவ்வொன்றையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றினார். பட்டியலை எழுதியவர் ஆனந்தமேரி அம்மையார்.

ஆம், அவரும்தான். அழகான கையெழுத்து. கிரீடம், அதன் குறுக்கே கோடு, அதன் பக்கத்தில் எங்கள் ஊதா வட்டம். வந்த நிபுணர் ஒருவர் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து 'அற்புதம்' என்று சொல்லிக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் பல் தெரியச் சிரித்தோம். கிரீடத்துக்குப் பிறகு கோடு, கோட்டுக்குப் பிறகு நாங்கள் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அரசியல் அறிவியல் துறை ஐயா, அரசியல் அறிவியல் துறை!

அதன் பிறகு ஒச்சாயி மூன்று முறை வந்தார். ஒரு முறை அம்மையார் விடைத்தாள் திருத்தப் போயிருந்தார், ஒரு முறை கூட்டத்தில் இருந்தார், ஒரு முறை இங்கேயே இருந்தார். மூன்று முறையும் 'அடுத்த வாரம்' என்று சொல்லி அனுப்பினோம். ஒரு முறை வருவது என்றால் ஒச்சாயிக்கு ஒரு நாள் கூலி போகும். அதை யாரும் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகள் ஓடின.

இந்த ஏப்ரல் மாதம் ஒச்சாயி நான்காம் முறை வந்தார். கையில் ஓர் அறிவிப்பு. அவர்கள் குடியிருக்கும் இடத்தை வரன்முறை செய்து வீட்டுமனைப் பட்டா தரலாமா, இல்லை ஆக்கிரமிப்பு என்று எழுதி முடித்துவிடலாமா என்று வருவாய்த் துறை விசாரணை வைத்திருந்தது. அடுத்த புதன்கிழமை அசல் ஆவணங்களோடு நேரில் வரவேண்டும். நேராக அலுவலகக் கண்காணிப்பாளர் ஞானதாஸ் அவர்களின் மேசைக்குப் போனார்.

ஞானதாஸ் அவர்களைக் குறை சொல்ல நாங்கள் இந்த மடலை எழுதவில்லை. ஒரு காலத்தில் ஓர் ஏணி காணாமல் போய், அதன் விலையை அவருடைய சம்பளத்தில் பிடித்தார்கள். அன்றிலிருந்து இந்தக் கல்லூரியில் ஒரு குண்டூசி தொலைந்ததில்லை. நேர்மையான மனிதர். நேர்மையான மனிதரிடம் மாட்டிக்கொண்டால்தான் தப்பவே முடியாது.

"ஏம்மா, இது உங்க தாளுன்னு எப்பிடிச் சொல்றீங்க?"

"எங்க மாமனாரு பேரு இருக்குல்ல சாமி."

"பேரு இருக்கும்மா. சீலு எங்களுது இருக்கே."

"சீலு குத்துனா உங்களுதா? அப்ப என் நெத்தியில குத்துனா நானும் உங்க காலேசா?"

"கோவப்படாதீங்க. ஸ்டாக்ல ஏறியாச்சு. ஸ்டாக்குல ஏறுனத எறக்கணும்னா கமிட்டி வேணும். மனு எழுதிக் குடுங்க, வைப்போம்."

"கமிட்டி எப்பக் கூடும்?"

"கூடும்மா. கூடாம எங்க போகப் போகுது?"

"பொதங்கெழம விசாரணைய்யா. அசலு இல்லன்னா ஆக்கிரமிப்புன்னு எழுதி முடிச்சிருவாக. இருவத்திரெண்டு வீடு. மழைக்கு ஒதுங்க வேற எடம் கெடையாது."

ஆனந்தமேரி அம்மையார் வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். யார் உட்கார்ந்து பேசுகிறார், யார் நின்று பேசுகிறார் என்பதைப் பார்த்தார். பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அல்லவா, தானாகவே பார்த்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது தன்னுடைய துறை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனையோ நாடுகளைப் பற்றிப் படித்தவருக்கு, எத்தனையோ அலுவலக வாசலில் மாணவர்களை நிறுத்தி எண்ணச் சொன்னவருக்கு, இதற்கு இரண்டாண்டுகள் ஆயின. உள்ளே வந்து சொன்னது இவ்வளவுதான்:

"ஞானதாஸ், அவங்களுக்கு மொதல்ல ஒரு நாற்காலி போடுங்க."

"நாற்காலி பிரச்சன இல்ல மேடம். தாளுதான் பிரச்சன."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அன்று தொடங்கி அவர் குறிப்பாணை எழுதினார். கல்லூரி முதல்வர் அலுவலகத்துக்கு ஒன்று, நூலகக் குழுவுக்கு ஒன்று, பொருள் கணக்குக் குழுவுக்கு ஒன்று. 'பரிசீலிக்கலாம்' என்று ஒன்று திரும்பியது. 'மேல்நடவடிக்கைக்கு' என்று ஒன்று இன்னொரு மேசைக்குப் போனது. மூன்றாவது எங்கே போனது என்று கேட்க நான்காவதாக ஒன்று எழுதவேண்டியிருந்தது. ராபின் ஒரு நாள் தலையைச் சொறிந்துகொண்டு, "மேடம், இதத்தான நாம கிளாஸ்ல நடத்துனோம்" என்றார்.

"நடத்துனோம் தம்பி. பரிச்சையும் வந்துருச்சு. எல்லாருமா பெயிலாயிட்டோம்."

செவ்வாய்க்கிழமை மாலை, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், ஞானதாஸ் அவர்கள் துறைக்கு வந்தார். யாரையும் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "மேடம், இருப்ப விட்டு எறக்கத்தான் கமிட்டி வேணும். எரவல் எடுக்க வேணாம். துறைத் தலைவர் ஆய்வுக்குன்னு எரவல் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டா, தடுக்க எனக்கு ரூல் இல்ல. ஆனா திரும்பி வரலைன்னா, நீங்க ரிட்டயர் ஆகும்போது நிலுவை இல்லைன்னு நான் சான்று தர மாட்டேன். அதையும் இப்பவே சொல்லிட்டேன்."

அம்மையார் தாளுக்கு ஒன்றாக அறுபத்துநான்கு கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை காலை அவரும் ஒச்சாயியும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு விசாரணைக்குப் போனார்கள். அதிகாரி இளம் வயதுக்காரர். இருவரையும் உட்காரச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார், ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நாற்பத்தொன்பதாம் ஆண்டு ரசீதில் கை நின்றது.

"இதுல 'கல்லூரிச் சொத்து'ன்னு இருக்கே. இது காலேஜோட ஆவணமா, உங்க ஆவணமா?"

"எங்களுதுங்க," என்றார் ஒச்சாயி.

"அப்ப காலேஜுக்குக் குடுத்ததுக்கு ரசீது வச்சிருக்கீங்களா?"

ஒச்சாயி அதிகாரியைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

அம்மையார் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி அங்கேயே எழுதிக் கொடுத்தார். இவை அனைத்தும் கொழிஞ்சிக்கரட்டு மக்களுடையவை, ஒரு வாரத்துக்கு என்று நான் வாங்கினேன், திருப்பித் தரவில்லை, நாங்கள் முத்திரை குத்தியது தவறு. அதிகாரி அதைப் படித்தார்.

"மேடம், உங்க மேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா முத்திரை உங்களுது இல்ல, காலேஜோடது. நீங்க அடுத்த மாசம் ரிட்டயர்டுன்னு நீங்களே சொல்றீங்க. நாளைக்கு யாராவது அப்பீல் போனா, காலேஜ் சொத்த வச்சுப் பட்டா குடுத்தேன்னு என் மேல வரும். லெட்டர்ஹெட்ல, முதல்வர் கையெழுத்தோட, இது எங்களுது இல்லன்னு ஒரு லெட்டர். அது போதும். இன்னியிலருந்து நாப்பத்தஞ்சு நாள் டைம் போடுறேன்."

நியாயமான பேச்சு. குறை சொல்ல இடமே இல்லாத பேச்சு. அதுதான் அம்மையாரை அதிகம் சுட்டது.

திரும்பும் பேருந்தில் பெட்டி இருவர் மடியிலும் பாதிப் பாதியாக இருந்தது. வடமதுரையில் இறங்குவதற்கு முன்பு ஒச்சாயி சொன்னார்.

"டீச்சரம்மா, கெவருமெண்டு எங்கள ஆக்கிரமிப்புன்னுதான் எழுதுச்சு. ஆனா வருசா வருசம் ரசீது குடுத்துச்சு. நீங்க அதுகூடக் குடுக்கல."

அம்மையாரும் கூடவே இறங்கினார். பெட்டியை ஒச்சாயி தலையில் ஏற்றிவிட்டு, அடுத்த பேருந்துக்கு நின்றார். மறுநாள் வகுப்பில் இதை ஒரு வரி விடாமல் மாணவர்களிடம் சொன்னார். தன்னைப் பற்றிய பகுதியை மட்டும் இரண்டு முறை சொன்னார். முப்பத்தோராண்டுகளில் அவர் நடத்திய மிகச் சிறந்த பாடம் அதுதான் என்று இறுதியாண்டு மாணவர்கள் சொல்கிறார்கள். இப்படி ஒரு பாடம் அவருக்கு வாய்த்திருக்க வேண்டாம்.

அந்தக் கடிதம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒரே வாக்கியம்தான் எழுதவேண்டும். அம்மையார் ஆறு முறை வரைவு எழுதி அனுப்பினார். சட்ட ஆலோசனை கேட்கவேண்டும் என்று ஒன்று திரும்பியது. தவறு என்ற சொல்லை எடுத்துவிடலாமே என்று ஒன்று திரும்பியது. எடுத்து அனுப்பினார். தாள்கள் தற்போது எங்கே உள்ளன என்று ஒன்று திரும்பியது. உரியவர்களிடம் உள்ளன என்று எழுதினார். அப்படியானால் இரவல் பாக்கி எப்போது தீரும் என்று ஒன்று திரும்பியது. அடுத்த முறை மதிப்பீட்டுக் குழு வந்து காப்பகம் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஒன்று திரும்பியது. ஆறாவது வரைவு இன்னும் திரும்பவில்லை. நிலுவை இல்லாச் சான்றும் வரவில்லை. ஞானதாஸ் அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். அம்மையாருடைய ஓய்வூதியக் கோப்பு அந்த ஒரு சான்றுக்காக நிற்கிறது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. அறுபத்துநான்கு தாள்களைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தால் நாளையே கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

கெடு முடிய இன்னும் நான்கு நாள். இன்று மாலையோடு அம்மையாருக்கு இந்த வளாகத்தில் மேசை கிடையாது. இதுவரை குறிப்பாணையாகப் போனது, நாளையிலிருந்து மனுவாகத்தான் போகும். வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போகவேண்டும்.

அம்மையீர்! இனி உங்களிடமே பேசுகிறோம். உங்களை எங்களுக்கு வாய்த்த பேறு என்று சொல்வதா, எங்களுக்கு நேர்ந்த தொல்லை என்று சொல்வதா என்று இந்த ஒரு மாதமாக எங்களுக்குள் வாக்குவாதம். எங்களில் பாதிப்பேர் உங்கள் மாணவர்கள். உங்களால் எந்த அலுவலகத்திலும் எங்களால் நிம்மதியாக நிற்க முடிவதில்லை, அதைவிட மோசம், நிம்மதியாக உட்காரவும் முடிவதில்லை. தப்பை மறைக்கத் தெரியாத ஒருவரோடு வேலை பார்ப்பது எவ்வளவு கடினம் என்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கடினத்துக்கு நன்றி. எந்தக் குழுக் கூட்டத்துக்கும் யாரும் அழைக்காத நெடிய காலைகளும், நினைத்தபோது வயலுக்குப் போய்வரும் உடல்நலமும், திருத்தவேண்டிய தாள் ஒன்றும் இல்லாத மாலைகளும், பாதியில் நிறுத்திய ஆய்வு நூலை எழுதி முடிக்கும் ஆண்டுகளும் உங்களுக்குக் குறைவின்றிக் கிடைக்கட்டும். நலமே நிறைந்து நெடுங்காலம் இருங்கள். சண்டையையும் விடாதீர்கள்.

இந்த மடலுக்கு நாங்கள் கண்ணாடிச் சட்டம் போடவில்லை. இதில் நடந்தது எழுதியிருக்கிறது, எங்கள் கையெழுத்தும் இருக்கிறது. ஆகவே ஒரு பிரதி உங்களுக்கு, ஒரு பிரதி விசாரணை அதிகாரிக்கு, ஒரு பிரதி கொழிஞ்சிக்கரட்டுக்கு. ராபின், அறிவுச்செல்வி, இனிகோ, முகமது யாசின், ஷைனி ஆகிய துறை ஆசிரியர்களும், மை ஊற்றியதால் கருப்பணனும் கீழே கையொப்பமிடுகிறோம். ஞானதாஸ் அவர்களும் போட்டிருக்கிறார். பெயருக்கு மேல் 'பார்வையிட்டேன்' என்று எழுதிக்கொண்டார், இருக்கட்டும். ஒச்சாயியையும் இந்த விழாவுக்கு அழைத்தோம். "லெட்டரு வந்துருச்சுன்னா சொல்லுங்க, வாரேன்" என்றார்.

மேடையில் வீற்றிருக்கும் முதல்வர் அவர்களே, அவையோரே! கொழிஞ்சிக்கரட்டின் இருபத்திரண்டு வீட்டாருக்கு இந்தக் கல்லூரி ஒரு கடிதம் தரவேண்டும். 'இந்த அறுபத்துநான்கு தாள்களும் எங்களுடையவை அல்ல' என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அதை நாம் இன்னும் தரவில்லை.